பூண்டி கண்ட தீரர்

ஊத்துக்கோட்டைக்குத் தெற்கே, பூண்டி என்னும் சிற்றூரின் அருகே, கொசத்தலையாற்றைத் தடுத்து நிற்கும் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று உண்டு. அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்பது பெயர். அப்பெயருக்குரியவரோ அந்த அணை நிரம்பியதைக் கண்ணாற் கண்டவரல்லர்.

சத்தியமூர்த்தி 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்று, சட்டமும் கற்று, வழக்கறிஞரானார். எனினும் நாட்டு விடுதலையே அவருடைய உள்ளத்தை ஆட்கொண்டது. சட்டசபையில் அவர் எழுந்து நின்றால் ஆங்கில ஆட்சியாளர் விடையிறுக்கத் திணறுவர். நாடகத்திலும் இசையிலும் பெருவிருப்புடைய அவர், மேடையேறி நடித்ததும் உண்டு. காமராசர் அவரையே தம் அரசியல் ஆசானாகக் கொண்டார்.

1939-ஆம் ஆண்டு அவர் சென்னை நகரின் மேயரானார். அக்காலத்தே நகர மக்கள் செங்குன்றம் ஏரியையும் சோழவரம் ஏரியையும் நம்பி வாழ்ந்தனர். கொசத்தலையாற்று நீரின் ஒரு பகுதி தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்பட்டுச் சோழவரத்தை அடையும். அங்கிருந்து செங்குன்றம் சேரும். ஆனால் மழைக்காலத்து வெள்ளத்தின் பெரும்பகுதியோ எண்ணூருக்கருகே வீணே கடலிற் கலந்தது. பெருகிவரும் நகருக்கு அந்த ஏரிகள் மட்டும் எங்ஙனம் போதும்? ஆற்றின் மேற்பகுதியிலேயே வெள்ளத்தைத் தேக்கி, வேண்டும்போது ஆற்றின் வழியே விட்டால், நிலத்தின் இயற்கைச் சரிவிலேயே நீர் தானாக நகரை நோக்கி நடக்கும். இத்திட்டத்தை நிறைவேற்றச் சத்தியமூர்த்தி உறுதி பூண்டார்.

வேளையோ ஏற்றதன்று. உலகப் போர் மூண்டிருந்தது. காங்கிரஸ் மந்திரிசபையும் பதவி துறந்துவிட்டது. எந்த ஆட்சியை எதிர்த்து நாள்தோறும் முழங்கினாரோ, அவ்வாட்சியினரிடமே சென்று அவர் நகரின் தாகத்தை எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. தமக்கென எதையும் கேளாதவர் ஊருக்காகக் கேட்கக் கூசவில்லை. 1940-இல் அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆற்றுக்கு அணையிட்டால் சில ஊர்கள் நீருள் மூழ்குதல் இயல்பு. சுந்தரர் கண்ணொளி இழந்து வந்தபோது ஊன்றுகோல் பெற்ற தலமாகிய திருவெண்பாக்கமும் இங்ஙனம் மறைந்தது. அக்கோயில் பின்னர்ப் பூண்டியிலே எழுப்பப்பெற்றது. நகரத்தார் பருகும் நீருக்கு நாட்டுப்புறத்தார் கொடுத்த விலையையும் நாம் மறத்தலாகாது.

1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்திற் சிறைப்பட்ட சத்தியமூர்த்தி, தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அப்பயணத்தில் முதுகெலும்பு ஊறுபட்டது. நோய் முற்றி, 1943-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். மறு ஆண்டு, 1944-இல், பூண்டி அணை கட்டி முடிக்கப்பெற்றது. பிற்காலத்தே அதற்கு அவர் பெயர் சூட்டினர்.

1996-இல் ஆந்திர நாட்டின் கண்டலேறு அணையிலிருந்து புறப்பட்ட கிருஷ்ணை நீர், ஊத்துக்கோட்டையருகே தமிழக எல்லையைக் கடந்தது. அங்கிருந்து 25 கிலோமீட்டர் கால்வாய் வழியே தெற்கு நோக்கி ஓடி, சத்தியமூர்த்தி சாகரத்தில் விழுந்தது.