ஒட்டுக்கேட்பை எதிர்த்த நீதிபதி லூயிஸ் பிராண்டைஸ்

இந்தக் காலாண்டு இதழில் ஓர் அமெரிக்க நீதிபதியைப் பற்றிச் சொல்கிறேன். ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள்.

லூயிஸ் பிராண்டைஸ் 1856 நவம்பர் 13 அன்று கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் பிறந்தார். பெற்றோர் பிராக் நகரிலிருந்து குடியேறிய யூதர்கள், தந்தை தானிய வியாபாரி. கல்லூரிப் பட்டம் இல்லாமலேயே 18 வயதில் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் சேர்ந்தார். கண்பார்வை தொல்லை கொடுத்ததால் நண்பர்களைப் பாடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டே படித்து, 1877-ல் மிக உயர்ந்த மதிப்பெண்களோடு தேறினார்.

பாஸ்டன் நகரில் நண்பர் சாமுவேல் வாரனுடன் சேர்ந்து வக்கீல் தொழிலைத் தொடங்கினார். நன்றாகச் சம்பாதித்தார். ஆனால் பொதுநல வழக்குகளுக்குக் கட்டணம் வாங்க மறுத்ததால் மக்களின் வக்கீல் என்ற பெயர் வந்தது. வங்கிக்காரனான எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆலைத் தொழிலாளர்கள் வாராவாரம் கட்டிய ஆயுள் காப்பீட்டுப் பணத்தில் பெரும்பகுதி கம்பெனிகளின் செலவுக்கே போவதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். சேமிப்பு வங்கிகளே குறைந்த பிரீமியத்தில் பாலிசி தரலாம் என்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1907-ல் சட்டம் வரச் செய்தார்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். 1890-ல் அவரும் வாரனும் சேர்ந்து ஹார்வர்டு சட்ட இதழில் தனியுரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். உடனுக்குடன் படம் எடுக்கும் கேமராக்களும் வம்பு பேசும் பத்திரிகைகளும் பெருகிவந்த காலம் அது. மனிதனின் உடலையும் சொத்தையும் காப்பாற்றும் சட்டம் அவனுடைய அந்தரங்கத்தையும் காப்பாற்ற வேண்டும் என்பதே கட்டுரையின் சாரம்.

1916-ல் ஜனாதிபதி வில்சன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். அந்த நீதிமன்றத்துக்கு வந்த முதல் யூதர் இவர்தான். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. முன்னாள் ஜனாதிபதி டாஃப்ட் உள்ளிட்ட சிலர் அவர் தகுதியற்றவர் என்று கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார்கள். நான்கு மாத இழுபறிக்குப் பிறகு 47-க்கு 22 என்ற வாக்கில் செனட் ஒப்புதல் தந்தது. 1921-ல் அதே டாஃப்ட் தலைமை நீதிபதியாக வந்து சேர்ந்தார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று.

அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. சியாட்டில் நகரில் ராய் ஓம்ஸ்டெட் என்பவர் பெரிய அளவில் மது கடத்தி விற்றார். அதற்கு முன்பு அவர் போலீஸ் அதிகாரியாக இருந்தவர் என்பது வேடிக்கை. மத்திய அரசின் அதிகாரிகள் தெருவில் போகும் தொலைபேசிக் கம்பிகளில் இணைப்பு கொடுத்து, பல மாதங்கள் பேச்சுகளை ஒட்டுக்கேட்டார்கள். குறிப்புகள் மட்டும் 775 பக்கம். எந்த நீதிபதியிடமும் அனுமதி வாங்கவில்லை. வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி அப்படி ஒட்டுக்கேட்பதே குற்றம்.

1928-ல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அரசுக்கு ஆதரவாக 5 பேர், எதிராக 4 பேர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் டாஃப்ட். அதிகாரிகள் வீட்டுக்குள் நுழையவில்லை, எந்தப் பொருளையும் எடுக்கவில்லை, ஆகவே சோதனைக்கு வரம்பு விதிக்கும் 4-வது அரசியல் சட்டத் திருத்தம் மீறப்படவில்லை என்பது அவர் வாதம்.

பிராண்டைஸ் மறுத்து எழுதினார். திருத்தம் வந்த 1791-ல் தொலைபேசியே கிடையாது. கருவி மாறினாலும் உரிமை மாறாது என்றார். ஒருவர் தொலைபேசியை ஒட்டுக்கேட்டால் அவரோடு பேசிய அத்தனை பேரையும் ஒட்டுக்கேட்டதாகிவிடும் என்று சுட்டிக்காட்டினார். மேஜை டிராயரைத் திறக்காமலேயே உள்ளே இருக்கும் காகிதங்களை அரசு படிக்கும் காலம் வரலாம் என்றும் எச்சரித்தார். கம்ப்யூட்டர் பிறக்காத காலத்தில் சொன்னது இது! அரசு நல்ல நோக்கத்தோடு செயல்படும்போதுதான் குடிமக்கள் அதிகம் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உள்ள கருத்து.

ஒன்றைக் கவனியுங்கள். ஓம்ஸ்டெட் நிரபராதி அல்ல. குற்றவாளிக்கு ஏன் இந்த வக்காலத்து என்று அன்றும் கேட்டிருப்பார்கள், இன்றும் கேட்பார்கள். மறைக்க எதுவும் இல்லாதவனுக்கு என்ன பயம் என்பார்கள். வங்கியில் சேரும்போது, வாடிக்கையாளரின் கணக்கு விவரங்களை ரகசியமாக வைத்திருப்பேன் என்று நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். நேர்மையாகச் சம்பாதித்த பென்ஷன்தாரரின் இருப்புத் தொகையைக் கவுன்டரில் உரக்கச் சொன்னால் அவர் சும்மா இருப்பாரா? மறைப்பது வேறு, அந்தரங்கம் வேறு.

மது கடத்துபவருக்காக என்று அனுமதித்த பழக்கம் அவரோடு நிற்கவில்லை. 1960-களில் எஃப்.பி.ஐ. மார்ட்டின் லூதர் கிங்கையே ஒட்டுக்கேட்டது. 1975-ல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு இத்தகைய அத்துமீறல்களை விசாரித்து வெளிக்கொண்டு வந்தது.

பிராண்டைஸ் 1939-ல் ஓய்வு பெற்று, 1941 அக்டோபர் 5 அன்று காலமானார். தன் கருத்து வென்றதை அவர் பார்க்கவில்லை. 1967-ல் சார்லஸ் காட்ஸ் என்பவரின் வழக்கு வந்தது. பொதுத் தொலைபேசிக் கூண்டுக்கு வெளியே கருவி பொருத்தி எஃப்.பி.ஐ. அவர் பேச்சைக் கேட்டிருந்தது. அரசியல் சட்டம் காப்பது மனிதர்களை, வெறும் இடங்களை அல்ல என்று கூறிய உச்ச நீதிமன்றம் பழைய நிலையைக் கைவிட்டது. ஒட்டுக்கேட்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. முதலில் நீதிபதியிடம் காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்றது. அவ்வளவுதான்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, 1890-ல் வந்த அந்தக் கட்டுரையையும் எடுத்துப் பேசினார்கள்.

அடுத்த முறை யாராவது, தப்பு செய்தவன்தானே, அவன் போனைக் கேட்டால் என்ன என்று சொன்னால், அனுமதி யார் கொடுத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்டவர் பிராண்டைஸ்.