கனலெத்தோ

வெனிசு நகரில் 1697இல் பிறந்த கனலெத்தோ, நாடக மேடைக்குக் காட்சித்திரை தீட்டிய தந்தையிடம் தொழில் பயின்றார். இயேசுவின் விண்ணேற்ற விழாவன்று அக்குடியரசின் தலைவர் பொன்முலாம் பூசிய பெரும்படகில் சென்று, நீரில் மோதிரமிட்டுக் கடலை மணப்பார். சிறுபடகுகள் மொய்க்க அப்படகு துறையில் நிற்கும் கோலத்தை, துடுப்பும் கொடியும் துலங்க, எண்ணெய் வண்ணத்தில் பன்முறை வரைந்தார் கனலெத்தோ. அவருடைய ஓவியங்களை வாங்கியோர் பெரும்பாலும் ஆங்கிலேயரே. 1740களில் மூண்ட போரால் அவர்கள் வருகை குறையவே, 1746இல் அவரே இலண்டன் சென்றார். தாயகம் திரும்பிய அவரை வெனிசின் கலைக்கழகம் 1763இல்தான் உறுப்பினராக ஏற்றது. அதுவும் முதலில் மறுத்த பின்னரே! 1768இல் அவர் மறைந்தார். முப்பதாண்டுகளுக்குப்பின் பிரெஞ்சுப் படையினர், பொன்னைப் பிரித்தெடுக்க அப்படகின் சிற்பங்களை எரித்தனர்.