ஹோசே இஸ்பெர்ட்

ஹோசே இஸ்பெர்ட் (மார்ச் 3, 1886 – நவம்பர் 28, 1966) ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற நாடக, திரைப்பட நடிகர் ஆவார். பெப்பே இஸ்பெர்ட் என்றும் அழைக்கப்பட்டார். மாட்ரிட்டில் பிறந்த இவர் மேடையில் நகைச்சுவை நடிகராகப் பெயர் பெற்றார். 1912 இல் பிரதமர் ஹோசே கனலேகாஸ் சுட்டுக்கொல்லப்பட்டதை அதே ஆண்டில் நடித்துக்காட்டிய குறும்படத்தில் கொலையாளியாகத் தோன்றினார்.

கரகரத்த குரல் இவரது அடையாளம். இவரது சிறந்த படங்கள் முதுமையிலேயே வெளிவந்தன. மார்க்கோ பெரேரி இயக்கிய எல் கொச்செசீத்தோ (1960) திரைப்படத்தில் இவர் ஏற்ற டான் அன்செல்மோ நன்றாக நடக்கக்கூடிய முதியவர். ஆயினும் கால் செயலிழந்த நண்பர்களைப் போலத் தனக்கும் மோட்டார் பொருத்திய சக்கர நாற்காலி வேண்டுமென ஆசைப்படுகிறார். குடும்பத்தினர் மறுக்கவே உணவில் நஞ்சு கலக்கிறார். அவர்கள் இறந்துபோகும் முடிவைப் பிராங்கோ அரசின் தணிக்கையாளர்கள் மாற்றச் செய்தனர்.

லூயிஸ் கார்சியா பெர்லாங்காவின் எல் வெர்டூகோ (1963) திரைப்படத்தில் ஓய்வுபெறவிருக்கும் மரண தண்டனை நிறைவேற்றுநர் அமாதேயோவாக நடித்தார். கிடைக்கவிருக்கும் அரசு வீடு கைநழுவிப் போகாதிருக்க அத்தொழிலை மருமகனின் தலையில் கட்டுகிறார் அமாதேயோ. கொடியவராகக் காட்டாமல் அன்பான தாத்தாவாகவே இஸ்பெர்ட் நடித்திருப்பது பார்ப்போரை அதிரவைக்கிறது. அன்றைய ஸ்பெயினில் மரண தண்டனை நடைமுறையில் இருந்தது. இப்படமும் தணிக்கைக்குத் தப்பவில்லை.

இவர் மாட்ரிட்டிலேயே காலமானார். மகள் மரியா இஸ்பெர்ட்டும் நடிகையாவார்.