ஜான் அமோஸ் கொமேனியஸ்

ஜான் அமோஸ் கொமேனியஸ் (மார்ச் 28, 1592 – நவம்பர் 15, 1670) மொராவியாவில் பிறந்த கல்வியாளரும், சமயப் போதகரும், எழுத்தாளரும் ஆவார். செக் மொழியில் இவரது பெயர் யான் ஆமோஸ் கோமென்ஸ்கீ என்பதாகும். சிறுவர்களுக்கெனப் படங்களுடன் அச்சிடப்பட்ட பாடநூல்களுள் முன்னோடியாகக் கருதப்படும் ஓர்பிஸ் பிக்டஸ் (1658) என்னும் நூலை இயற்றியவர் இவரே. பொருளறியாமல் சொற்களை மனப்பாடம் செய்விக்கும் வழக்கத்திற்கு மாறாக, முதலில் பொருளைக் காட்டிப் பின்னர் அதன் பெயரையும் எழுத்தையும் கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்தியதால், நவீனக் கல்வியின் தந்தை என்றும் இவர் அழைக்கப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

கொமேனியஸ், இன்றைய செக் குடியரசின் கிழக்குப் பகுதியாகிய மொராவியாவில் பிறந்தார். பிறந்த ஊர் நிவ்னீட்சே என்றும், உகெர்ஸ்கீ பிரோட் என்றும் இருவேறு கருத்துக்கள் உள்ளன. இவரது குடும்பம் சகோதரர் ஐக்கியம் எனப்படும் சிறிய சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து உறவினர் ஆதரவில் வளர்ந்தார். இதனால் இவரது கல்வி தடைப்பட்டது. பதினாறு வயதில்தான் பிரெரோவ் நகரின் இலத்தீன் பள்ளியில் சேர்ந்தார்.

வயது முதிர்ந்து பள்ளிக்குச் சென்றதால், அங்கு நடைபெற்ற கற்பித்தலின் குறைகளை இவரால் தெளிவாக உணர முடிந்தது. சிறுவர்கள் தமக்கு விளங்காத இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட இலக்கண விதிகளை ஒப்பித்தனர். தவறினால் அடி வாங்கினர். பின்னாளில் இவர் எழுதிய கல்வி நூல்கள் பலவற்றிற்கும் இந்த அனுபவமே தூண்டுகோலாக அமைந்தது. 1611 முதல் 1614 வரை ஜெர்மனியின் ஹெர்போர்ன், ஹைடல்பெர்க் ஆகிய நகரங்களில் உயர்கல்வி பயின்று, தாயகம் திரும்பி ஆசிரியரானார். 1616 இல் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

போரும் இழப்புகளும்

1618 இல் முப்பதாண்டுப் போர் தொடங்கியது. அப்போது கொமேனியஸ் புல்னெக் நகரில் போதகராகவும் பள்ளித் தலைவராகவும் இருந்தார். 1620 இல் வெள்ளை மலைப் போரில் சீர்திருத்தச் சபையினரின் தரப்பு தோல்வியடைந்தது. அடுத்த ஆண்டு புல்னெக் சூறையாடப்பட்டது. இவர் தலைமறைவாக வாழ நேர்ந்தது. 1622 இல் இவருடைய மனைவியும் இரு குழந்தைகளும் கொள்ளை நோயால் இறந்தனர். இத்துயரக் காலத்தில் செக் மொழியில் இவர் எழுதிய உருவகக் கதையாகிய உலகப் புதிர்ச்சுழலும் இதயத்தின் சொர்க்கமும் என்னும் பொருள்படும் நூல், அம்மொழியின் சிறந்த இலக்கியங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

1627 இல் வெளியான அரசாணை, பொகீமியாவில் கத்தோலிக்க சமயத்தை மட்டுமே அனுமதித்தது. மறு ஆண்டில் மொராவியாவிற்கும் இதே நிலை ஏற்பட்டது. 1628 இல் கொமேனியஸ் தம் சபையினருடன் போலந்தின் லெஷ்னோ நகருக்குப் புலம்பெயர்ந்தார். அதன்பின் தாயகத்தில் வாழும் வாய்ப்பு இவருக்குக் கிடைக்கவில்லை.

கல்விப் பணிகள்

லெஷ்னோ பள்ளியில் பணியாற்றியபோது, 1631 இல் மொழிகளின் திறந்த வாயில் என்னும் பொருள்படும் இலத்தீன் பாடநூலை வெளியிட்டார். ஏறத்தாழ 8000 சொற்கள், 1000 வாக்கியங்களில், 100 தலைப்புகளின் கீழ் இதில் அமைக்கப்பட்டிருந்தன. பல ஐரோப்பிய மொழிகளில் வெளிவந்த இந்நூல் இவருக்குப் பெரும் புகழைத் தந்தது. 1641 இல் இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டார். அங்கு உள்நாட்டுப் போர் மூண்டதால் 1642 இல் வெளியேறி, சுவீடன் நாட்டின் ஆதரவில் பாடநூல்கள் எழுதினார். 1650 முதல் 1654 வரை ஹங்கேரியின் சாரோஸ்படாக் நகரில் பள்ளிச் சீர்திருத்தத்தில் ஈடுபட்டார்.

ஓர்பிஸ் பிக்டஸ்

சாரோஸ்படாக் மாணவர்களுக்கு முந்தைய பாடநூல் கடினமாக இருந்தது. எனவே ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு படம் கொண்ட நூலைக் கொமேனியஸ் எழுதினார். படங்களைச் செதுக்கத் தக்க கலைஞர்கள் அங்கு கிடைக்காமையால், 1658 இல்தான் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் இலத்தீன், ஜெர்மன் ஆகிய இரு மொழிகளில் இது அச்சேறியது. மறு ஆண்டே ஆங்கிலப் பதிப்பும் வெளியானது.

இந்நூலில் 150 பாடங்கள் உள்ளன. தொடக்கத்தில் காகம் கரைதல், ஆட்டுக்குட்டி கத்துதல், பாம்பு சீறுதல் போன்ற ஒலிகளின் வழியே எழுத்துக்கள் அறிமுகமாகின்றன. ஒவ்வொரு பாடத்திலும் தலைப்பு, மரச்செதுக்குப் படம், இரு மொழிகளில் சிறு வாக்கியங்கள் என்னும் ஒழுங்கு காணப்படுகிறது. படத்திலுள்ள பொருட்களுக்கு எண்கள் இடப்பட்டு, அதே எண்கள் உரிய சொற்களின் அருகிலும் தரப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக, ரொட்டி சுடுதல் பற்றிய பாடத்தில் மாவு சலிப்பது, பிசைவது, அடுப்பில் இடுவது ஆகிய செயல்கள் வரிசையாகக் கூறப்படுகின்றன. மாணவன் சல்லடையின் எண்ணைப் படத்தில் கண்டு அதற்குரிய சொல்லைத் தானே அறிந்துகொள்ளலாம். எழுதும் கலை, காகிதம், அச்சகம், நூற்கட்டு ஆகியவற்றிற்கும் தனிப் பாடங்கள் உண்டு.

பள்ளியில் சேரும் முன்பே குழந்தைகளிடம் இந்நூலைக் கொடுத்து, படங்களைப் பார்த்து மகிழச் செய்ய வேண்டும் என்று முன்னுரையில் கொமேனியஸ் கூறியுள்ளார். விரும்பும் குழந்தைகளைப் படங்களைப் பார்த்து வரைய அனுமதிக்க வேண்டும் என்பதும் அவரது அறிவுரை. இதனால் கவனம் கூர்மையடையும், அளவுகளை ஒப்பிடும் திறன் வளரும், கை எழுதுவதற்குப் பழகும் என்று அவர் கருதினார். நிறம், சுவை போன்று கறுப்பு மையில் காட்ட இயலாதவற்றை நேரிலேயே காட்ட வேண்டும் என்றும் குறிப்பிட்டுள்ளார்.

எழுத்துக் கல்வி பற்றிய கருத்துக்கள்

இவரது முதன்மையான கல்விக் கோட்பாட்டு நூல் பெருங்கற்பித்தல் முறை என்னும் பொருள்படும் டிடாக்டிகா மாக்னா ஆகும். எழுதக் கற்பித்தல் தொடர்பாக அதில் காணப்படும் சில கருத்துக்கள் பின்வருமாறு:

- வாசிப்பையும் எழுத்தையும் பிரிக்காமல் சேர்த்தே கற்பிக்க வேண்டும். எழுத்துக்களை எழுதிப் பார்த்தே குழந்தைகள் அறிய வேண்டும்.
- தொழிலாளி வேலை செய்தே தொழில் கற்பது போல, மாணவர்கள் எழுதியே எழுதக் கற்க வேண்டும்.
- முதலில் நல்ல மாதிரியைப் பின்பற்ற வேண்டும். தவறுகளை ஆசிரியர் உடனுக்குடன் திருத்த வேண்டும்.
- மாணவர்கள் தாம் கற்று விளங்கிக்கொண்ட பொருளைப் பற்றியே எழுதிப் பழக வேண்டும்.
- ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை கல்வி தாய்மொழியில் அமைய வேண்டும்.
- ஆண், பெண், ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் பள்ளி வேண்டும். பாடம் வராததற்காக அடித்தல் கூடாது.

இறுதிக்காலம்

1656 இல் சுவீடன்–போலந்துப் போரின்போது லெஷ்னோ நகரம் எரிக்கப்பட்டது. கொமேனியஸ் தம் வீட்டையும் நூலகத்தையும் இழந்தார். மாணவப் பருவம் முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொகுத்து வந்த செக் மொழிச் சொற்களஞ்சியமும் தீக்கிரையானது. உயிர் தப்பி ஆம்ஸ்டர்டாம் சென்ற இவர், எஞ்சிய காலத்தை அங்கேயே கழித்தார். ஓர்பிஸ் பிக்டஸ் வெளியானது இப்பேரிழப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே ஆகும். 1670 இல் காலமான இவரது உடல் நார்டன் நகரில் அடக்கம் செய்யப்பட்டது.

விமர்சனங்கள்

தம் காலத்துத் தீர்க்கதரிசிகள் சிலரின் முன்னறிவிப்புகளை நம்பி, அவற்றைத் தொகுத்து வெளியிட்டமைக்காக இவர் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். சுவீடன் மன்னரைப் புகழ்ந்து எழுதிய உரையும் போலந்தில் பகைமையை வளர்த்தது. ஓர்பிஸ் பிக்டசில் பிற சமயங்களைப் பற்றிய பாடங்கள் இவருடைய திருச்சபையின் நோக்கிலிருந்தே எழுதப்பட்டுள்ளன.

தாக்கம்

ஓர்பிஸ் பிக்டஸ் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் திருத்தங்களுடன் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது. ஜெர்மன் கவிஞர் கேத்தே தம் தன்வரலாற்றில், சிறுவயதில் கிடைத்த நூல்களுள் ஒன்றாக இதை நினைவுகூர்ந்துள்ளார். மனித வாழ்வின் சீர்திருத்தம் குறித்து இவர் எழுதிய பெருநூலின் கையெழுத்துப் பிரதி, 1930களில் ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள பிராங்கே நிறுவனத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1966 இல் பிராகாவில் வெளியிடப்பட்டது. சீகன்பால்க் முதலான தரங்கம்பாடி மிஷனரிகளுக்கு ஆதரவளித்து, அவர்களது அறிக்கைகளை வெளியிட்ட நிறுவனமும் இதுவே.

செக் குடியரசிலும் சுலோவாக்கியாவிலும் இவரது பிறந்த நாளான மார்ச் 28 ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. செக் குடியரசின் 200 கொருனா பணத்தாளில் இவரது உருவம் இடம்பெற்றுள்ளது. பிராத்திசுலாவாவில் 1919 இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.