நீல்ஸ் போரும் 72-வது தனிமமும்

அணுக்கருவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் கூடுகூடாக இருக்கின்றன, வெளியே இருப்பவைதான் தனிமத்தின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. 1885-ல் கோபன்ஹேகனில் பிறந்த நீல்ஸ் போரின் கணக்கு இது. அதுக்கு ஒரு சோதனை வந்தது, 72-வது தனிமம் வடிவத்தில்.

அருமண் தனிமங்களில் உள்கூடு நிரம்புவது 71-உடன் முடிஞ்சுபோச்சு. 72 சிர்கோனியம் மாதிரிதான் இருக்கணும் என்றார் போர். பாரிஸ் விஞ்ஞானிகளோ அதை அருமண் தனிமங்களோடு சேர்த்து, கண்டுபிடிச்சாச்சு என்றே அறிவித்திருந்தார்கள். அது உண்மையானால் போரின் அடுக்குமுறையே ஆட்டம் கண்டுவிடும்.

அவரது ஆய்வகத்தில் காஸ்டரும் ஹெவெசியும் சிர்கோனியத் தாதுவை எக்ஸ் கதிரால் சோதித்தார்கள். 1922 டிசம்பர் 11, ஸ்டாக்ஹோம். நோபல் உரைக்குச் சற்று முன் போருக்குப் போன் வந்தது. 72 அந்தத் தாதுவில்தான் இருந்தது! உரையிலேயே அதை அறிவித்தார். கோபன்ஹேகனின் லத்தீன் பெயரான ஹாஃப்னியாவிலிருந்து அதற்கு ஹாஃப்னியம் என்று பெயர் வைத்தார்கள்.

போர் மறைந்தது 1962-ல். 107-வது தனிமத்துக்கு இப்போ அவர் பெயர்தான்: போரியம்.