விலங்கு பூண்ட சிவகங்கைச் செல்வர்

பினாங்கு என்னும் பெயர் நம் நகரத்தார் இல்லங்களிற் புதியதன்று. கொண்டுவிற்கக் கடல் கடந்த நம் முன்னோர் அத்தீவிற் பெட்டியடி வைத்துப் பொருளீட்டினர். தண்டாயுதபாணிக்குக் கோயிலும் எடுத்தனர். அவர்கட்கு முன்னரே, விரும்பிச் செல்லாது விலங்கு பூண்டு அங்கே சென்ற நம் சீமையார் ஒருவர் உண்டு. அவரே சின்ன மருதுவின் மைந்தராகிய துரைச்சாமி. அவர் வரலாற்றை ஒக்கூர் வாழ் நம் மக்கள் அறிதல் வேண்டுமென்று இதனை எழுதுகின்றோம்.

1801-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் மருதுவின் அறிக்கை ஒட்டப்பெற்றது. கும்பினியாருக்கு எதிராக எழுமாறு அது மக்களை அழைத்தது. போர் மூண்டது. அக்டோபரிற் காளையார்கோயில் வீழ்ந்தது. அம்மாதம் 24-ஆம் நாள் மருதிருவரும் திருப்பத்தூரிற் தூக்கிலிடப்பட்டனர். சுற்றத்தார் பலரும் மாண்டனர். துரைச்சாமி உயிர் பிழைத்தார். அப்பொழுது அவர்க்கு வயது ஏறக்குறைய 15.

1802 பிப்ரவரியில் அவரும் வேறு 70 பேர் அளவினரும் தூத்துக்குடியிற் கப்பலேற்றப்பட்டனர். முறையான நீதிமன்றம் எதுவும் அவர்களை விசாரித்திலது. மீளும் நாளும் குறிக்கப்பட்டிலது. காவற்பொறுப்பு ஏற்றிருந்தவர் வெல்ஷ் என்னும் ஆங்கிலத் தளபதி. அவரோ, முன்னாளிற் சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் எறியப் பயின்றவர். தம் கடமைக்கு ஊறு வாராதவாறு அச்சிறுவரது விலங்கின் துயரைக் குறைத்தமை ஒன்றே அவராற் செய்யக் கூடியதாயிற்று.

பதினாறு ஆண்டு கழிந்தது. 1818-இல் வெல்ஷ் பினாங்குக்குச் சென்றபோது, முதுமை தோய்ந்த ஒருவர் அவர் முன் வந்து நின்றார். பெயர் கேட்டபின்னரே அவர் துரைச்சாமி என்று தெரிந்து வெல்ஷ் நெஞ்சு புண்பட்டார். முப்பது வயதை ஒட்டிய ஒருவரைக் கிழவராக்கியது அக்காவல்.

நாடாள்வோர்க்குக் கலகத்தை அடக்கும் உரிமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் போர்க்கைதி போர் முடிந்தால் வீடு திரும்புவான். குற்றவாளி தண்டனைக் காலம் முடிந்தால் திரும்புவான். துரைச்சாமியோ இவ்விருவரில் எவரும் அல்லர். அஞ்சப்படுவதே அவர் செய்த குற்றம். அச்சத்திற்கு எல்லை இல்லை. ஆதலின் அவர் சிறைக்கும் எல்லை இல்லாதாயிற்று.

வெல்ஷ் அவரைக் கண்ட அதே 1818-இல் வங்காளத்து மூன்றாம் ரெகுலேஷன் பிறந்தது. வழக்குத் தொடுக்கப் போதிய ஆதாரம் இல்லாதவரையும் அரசாங்கக் கைதியாக அடைத்து வைக்கலாம் என்பது அதன் கருத்து. மறு ஆண்டு சென்னையிலும் அத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. 1907-இல் லாலா லஜபதி ராயை மாந்தலைக்கு அனுப்பியதும் அவ்வங்கச் சட்டமே.

1950-இல் வந்த நம் அரசியலமைப்பும் தடுப்புக் காவலை நீக்கிற்றில்லை. எனினும் 22-ஆம் பிரிவால் அதற்கு வேலியிட்டது. காவலின் காரணம் கைதிக்கு விரைவில் அறிவிக்கப்பட வேண்டும். 3 மாதத்திற்கு மேற்பட்டால் ஆலோசனைக் குழு அதனை ஏற்க வேண்டும். தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டம் 12 மாதத்தையே உச்ச எல்லையாக வைத்துளது. வேலி சிறிதாயினும் எல்லை என்ற ஒன்று இருக்கின்றது. அமெரிக்கர் 2002-இல் குவாண்டனமோத் தீவுமுனையில் ஐயத்திற்குரியோரைக் காலவரையின்றி அடைத்தபோதும், அவர்கள் ஆட்கொணர் மனுச் செய்யலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது.

நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஒக்கூர் மாசாத்தியார், ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய தாயைப் புறநானூற்றிற் பாடினார். களம் சென்ற மகன் வெல்வான், அன்றேல் வீழ்வான். எதுவாயினும் தாய்க்குச் செய்தி வரும். விசாரணையும் தவணையும் இன்றிச் சிறை சென்றவன் வீட்டார்க்கு அச்செய்தியும் இல்லை. ஆகவே, ஒருவர் அடைக்கப்பட்டார் எனக் கேட்குமிடத்து, அவர் நமக்கு வேண்டியவராயினும் வேண்டாதவராயினும், எக்குற்றத்திற்கு, எந்நாள் வரை என்று வினவும் வழக்கத்தை நம் இளைஞர்க்குக் கற்பிப்போமாக.