மண்டையில் அடிபட்டால் அவ்வளவுதான் என்ற பேச்சை மாற்றிய டாக்டர்
சென்னை ஜி.எச்.சில் மூளை ஆபரேஷன் பிரிவை உண்டாக்கிய ராமமூர்த்தி

பூந்தமல்லியில் இருந்து புறப்படும் நெடுஞ்சாலை, சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேருகிறது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் ரெயில் ஏறுகிறவர்கள் இறங்குவதும் அதன் எதிரில்தான்.

அந்த ஜெனரல் ஆஸ்பத்திரியில் மூளைக்கும் நரம்புக்கும் தனிப் பிரிவு இருப்பது இன்று யாருக்கும் அதிசயமாகத் தெரியாது. ஆனால் 1950-க்கு முன்பு அங்கே அப்படி ஒரு பிரிவு கிடையாது.

மண்டையில் பலத்த அடி என்றால் வீட்டுக்காரர்கள் நம்பிக்கையை விட்டு விடுவார்கள். காக்கா வலிப்பு வந்தால் கையில் சாவிக் கொத்தைத் திணிப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் பேய் ஓட்டுகிறவரைத் தேடிப் போவார்கள்.

இந்த நிலையை மாற்றியவர்களில் முதல் வரிசைக்காரர், டாக்டர் பி. ராமமூர்த்தி.

சீர்காழியில் பிறந்தவர்

1922-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி சீர்காழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். 1947-ல் எடின்பரோவில் எப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார்.

மூளை ஆபரேஷன் கற்க இங்கிலாந்தில் உள்ள நியூகாசில் நகருக்குப் போனார். அங்கே அவருக்கு வாத்தியாராக வாய்த்தவர் ரவ்பாதம். தலைக்காய சிகிச்சை பற்றிப் புத்தகமே எழுதியவர் அவர். பிறகு கனடாவில் மான்ட்ரியல் நகரில் பென்பீல்டு என்ற மேதையிடமும் சில காலம் இருந்தார். நோயாளி விழித்துக் கொண்டு பேசும்போதே மூளையில் ஆபரேஷன் செய்து உலகப் புகழ் பெற்றவர் பென்பீல்டு.

இவ்வளவும் கற்றுக் கொண்டு ராமமூர்த்தி ஊர் திரும்பினார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

ஒரு வருடம் முன்னதாக, 1949-ல், வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டிலேயே முதல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கி இருந்தார். அடுத்தது சென்னை. 1950 அக்டோபர் 24-ந்தேதி ஜி.எச்.சில் ராமமூர்த்தி வேலையை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது 28.

ஸ்கேன் இல்லாத காலம்

இன்று தலையில் அடிபட்டு வந்தால் சில நிமிடத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து விடுகிறார்கள். அந்தக் கருவியில் உலகத்தின் முதல் நோயாளியைப் படம் பிடித்ததே 1971-ல், லண்டனில்தான்.

அதற்கு முன்பு கபாலத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. ரத்தக் குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். இல்லாவிட்டால் மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளில் காற்றை ஏற்றிப் படம் பிடிப்பார்கள். அந்த நிழலைப் பார்த்து, கட்டி எந்தப் பக்கம் என்று டாக்டர் கணிக்க வேண்டும். கணிப்பு தவறினால் உயிர் போகும்.

வெளிநாட்டில் படித்தது மட்டும் இங்கே போதவில்லை. மூளைக் கட்டி என்று வந்தவர்களில் கணிசமானோருக்கு இருந்தது காசநோய்க் கட்டி. மேல்நாட்டில் அது அபூர்வம். நம் ஊர் நோயை நம் ஊரிலேயே படிக்க வேண்டி இருந்தது. அவரும் அவருடைய குழுவும் அதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள்.

இந்த டாக்டர்கள் எல்லாம் ஒன்று சேர, 1951-ல் இந்திய நரம்பியல் சங்கம் பிறந்தது. அதைத் தொடங்கிய நாலு பேரில் ராமமூர்த்தியும் சாண்டியும் உண்டு.

தனி ஆளாக நிற்கவில்லை

கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியதும் சொந்த ஆஸ்பத்திரி கட்டிக் கொண்டு போனவர்கள் உண்டு. ராமமூர்த்தியோ சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே இருந்து ஆட்களை உருவாக்கினார்.

பாலசுப்பிரமணியம், கல்யாணராமன், கனகா என்று ஒரு குழுவே உருவானது. கை நடுக்க வாதத்துக்கு, மூளையின் ஆழத்தில் குறி தப்பாமல் ஊசி செலுத்தும் ஆபரேஷனை இவர்கள் 1960-களில் செய்து காட்டினார்கள். இந்தியாவில் மூளை ஆபரேஷனுக்கு வந்த முதல் பெண்களில் ஒருவர் டாக்டர் டி.எஸ். கனகா.

அதே காலத்தில் சென்னைக்கு மேற்கே நிலைமை மாறிக் கொண்டிருந்தது. ஆவடியில் டாங்கி தொழிற்சாலை வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. எந்திரமும் லாரியும் மோட்டார் சைக்கிளும் பெருகினால் தலைக்காயமும் பெருகத்தானே செய்யும்! அடிபட்ட தொழிலாளிக்குக் காசில்லாமல் மூளை ஆபரேஷன் செய்ய ஜி.எச்.சில் ஆள் இருந்தது.

1970-களில் அந்தப் பிரிவு நரம்பியல் நிலையமாக வளர்ந்தது. மருந்து கொடுக்கும் டாக்டரும் கத்தி எடுக்கும் டாக்டரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். 1973-ல் மத்திய சர்க்கார் அவருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது.

சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்றும் அவர் சும்மா இருக்கவில்லை. தரமணி வி.எச்.எஸ். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏ. லட்சுமிபதி நரம்பு அறுவை சிகிச்சை மையத்தை உருவாக்கினார். தன் வாழ்க்கை வரலாற்றுக்கு, வழி நெடுக ஏற்றம்தான் என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

2003-ம் ஆண்டு டிசம்பர் 13-ந்தேதி காலமானார். வயது 81.

நாம் செய்ய வேண்டியது

டாக்டர்கள் தயாராக இருந்தாலும் நேரத்தோடு கொண்டு போய்ச் சேர்ப்பது நம் கையில் இருக்கிறது. தலையில் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுவார். ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். உள்ளே ரத்தம் கட்டி மூளையை அழுத்தினால் சில மணி நேரத்தில் வாந்தி, தாங்க முடியாத தலைவலி, மயக்கம் வரும். தூங்கட்டும் என்று விட்டால் எழுந்திருக்கவே மாட்டார். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். மண்டை ஓட்டில் துளை போட்டு ரத்தக் கட்டியை எடுத்தால் பிழைக்க வழி உண்டு.

வலிப்பு வந்தவருக்குச் சாவியும் வேண்டாம், இரும்பும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். அஞ்சு நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.